மெய்டு ரூமில் ஒரு பெட்டை

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய்களுக்குப் போடுகிற வெல்டிங்கைச் சோதிப்பது என் வேலை. பார்வைக்குப் பளபளவென்று இருக்கிற ஒட்டுக்குள்தான் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்ப்பேன், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன், வெல்டரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பேன். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அது என் சொந்தச் சேர்க்கை.

வீட்டுக்கு வந்தாலும் இந்தப் புத்தி போகாது. "நீங்க பொறந்ததும் அழுதிருக்க மாட்டீங்க, டாக்டர்கிட்ட ஐடி கார்டக் கேட்டிருப்பீங்க" என்பாள் மனைவி. அவள் நர்ஸ். மனிதர்களை நம்பித்தான் அவளால் ஊசி போட முடிகிறது. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அப்போது குவைத்தில் மங்காஃபில் இருந்தோம். ஆறாவது மாடி. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை, சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே காற்றுப் போக ஒரு ஓட்டை, மூலையில் மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்கு இறங்கிப் போகிற தண்ணீர்க் குழாய், ஒரு மெத்தை போட்டால் கால் வைக்க இடமில்லாத தரை. கல்ஃபில் எத்தனையோ ஃபிளாட்டுகளில் இப்படி ஒன்று உண்டு. வீட்டு வேலைக்காரப் பெண் படுப்பதற்கென்று கட்டியது, அதற்கு மெய்டு ரூம் என்று பெயர். எங்களுக்கு மெய்டு கிடையாது. பெட்டிகளும் அரிசி மூட்டையும் மகளின் பழைய சைக்கிளும்தான் அங்கே குடியிருந்தன. ஆனாலும் "மெய்டு ரூம்ல அரிசி இருக்கு, எடு" என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

மகளுக்கு அப்போது பத்து வயது. ஏப்ரல் மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் பால் சீக்கிரம் தீர்ந்தது. பிறகு என் குளியல் துண்டு காணாமல் போனது. மீன் என்றாலே மூக்கைப் பொத்துகிறவள், "அப்பா, ஐ வான்ட் ஃபிஷ்" என்று கேட்டு வாங்கி, தட்டோடு உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் சொல்லாமல் தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். பத்து வயதுப் பிள்ளை சொல்லாமல் தட்டைக் கழுவினால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

அவளுக்குப் பழைய குற்றப் பின்னணியும் உண்டு. ஏசி பெட்டிக்குப் பின்னாலிருந்து விழுந்த புறாக்குஞ்சை ஷூ டப்பாவில் வளர்த்துப் பறக்கவிட்டவள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசி விற்ற கோழிக்குஞ்சு ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தவள். அந்தக் குஞ்சு ஒன்பதாவது நாள் செத்துப்போனது. ஒரு வாரம் அவள் எங்களோடு பேசவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பேசாமல் சோறு தின்றாள். அதன் பிறகுதான் நான் சட்டம் போட்டேன், இந்த வீட்டுக்குள் இனி உயிருள்ள எதுவும் வரக்கூடாது என்று. பிராணிகள் மேல் எனக்கு வெறுப்பில்லை. அந்த ஒரு வாரத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மெய்டு ரூமில் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். பெட்டிகளுக்குப் பின்னால், காணாமல் போன என் துண்டின் மேல், வெள்ளையும் கறுப்பும் செம்பழுப்புமாக ஒரு பூனை படுத்திருந்தது. பின்னங்கால் ஒன்று வீங்கிக் கோணலாகக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சீறியது. என் வீட்டில், என் துண்டில் படுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து.

திரும்பினால் மகள் நிற்கிறாள். "அப்பா, ஷீ இஸ் ஒன்லி டெம்பரரி" என்றாள்.

"எத்தன நாளா மக்ளே?"

"நாலு."

கீழே குப்பைத்தொட்டிக்கு அடியில் கிடந்ததாம். ஸ்கூல் பையிலிருந்த புத்தகங்களைக் கையில் தூக்கிக்கொண்டு, பூனையைப் பைக்குள் வைத்து, கீழே காவலிருக்கும் ஹாரிஸுக்கு "ஹாய் அங்கிள்" சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறியிருக்கிறாள். கோபம் வந்தது. அந்தத் துணிச்சலைக் கேட்டதும் கோபத்துக்கு நடுவே ஒரு பெருமையும் வந்து தொலைத்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் நன்றாகவே கத்தினேன்.

கத்தியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கட்டடத்தில் நாய், பூனை வளர்க்கக்கூடாது. அதையாவது சமாளிக்கலாம். முந்தைய மாதம் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பூனைகள் செத்துக் கிடந்தன. எப்படிச் செத்தன என்று யாருக்கும் தெரியாது. ஹாரிஸ்தான் ஏதோ வைத்துவிட்டான் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவன் வங்காளதேசத்துக்காரன், ஒருவரையும் அதட்டிக்கூடப் பேசாதவன். அதனால்தான் எனக்குக் கூடுதல் சந்தேகம். சாட்சி ஏதும் இல்லை. விரிசலுக்குச் சாட்சி எதற்கு?

இந்தப் பூனைக்கு ஏதாவது ஆனால் என் மகள் மறுபடியும் பேசாமல் போய்விடுவாள். அன்று எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

பிக்னிக்குக்கு எடுத்துப் போகிற ஐஸ் பெட்டியில் பூனையை வைத்து, மனைவியும் மகளும் ஃபஹாஹீலில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார். நான்கு வாரம் சின்ன அறைக்குள் அடைத்தே வைக்க வேண்டும், குதிக்க விடக்கூடாது என்றாராம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியிருக்கிறார். மனிதருக்கு வலிக்குக் கொடுக்கிற பனடால் மாத்திரையை மறந்தும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது ஒன்றே போதும், உயிர் போய்விடும். மகள் அதைச் சிவப்பு மையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள்.

"கடுவனா, பெட்டையா?" என்று கேட்டேன்.

"பெட்டையாக்கும்" என்றாள் மனைவி.

எங்கள் நாகர்கோவில் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெட்டைக்கோழி, பெட்டைநாய், பெட்டைப்பூனை. மகளுக்கு அந்தச் சொல் புதிது. "பெட்டை, பெட்டை" என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. பூனை என்ற சொல்லை வீட்டுக்கு வெளியே யாரும் உச்சரிக்கக்கூடாது. ஆங்கிலத்தில் கேட், இந்தியில் பில்லி, அரபியில் கத்வா எதுவும் கூடாது. ஊரெல்லாம் பேசுகிற பாஷைகளை ஹாரிஸ் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்தான். பெட்டை என்றால் மட்டும் இந்தக் கட்டடத்தில் ஒரு ஆளுக்கும் புரியாது. ஃபோனிலும் லிஃப்டிலும் இனி பெட்டைதான் என்று உத்தரவு போட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். வீட்டுக்கு ஒரு பூனை வந்ததும் எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது.

மகள் கவனித்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் உள்ளே போவாள். அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மீனில் ஒரு முள் இல்லாமல் ஆய்ந்து, விரலில் எடுத்து நீட்டுவாள். மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி வாயோரமாக விடுவாள். கட்டுக்கு மேலே கால் விரல்கள் வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்த்துக் குறித்து வைப்பாள். என்னிடம் வேலை பார்க்கும் இளம் இன்ஸ்பெக்டர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு இல்லை. முதல் வாரம் அவளுடைய இரண்டு கையிலும் கீறல்கள். இரண்டாம் வாரம் பூனை அவள் மடியில் தூங்கியது. நான் கதவோரம் நின்று பார்ப்பேன். அவள் தலையைத் தூக்கினால், அரிசி எடுக்க வந்ததுபோல நடிப்பேன்.

உடம்பு தேறியதும் பெட்டைக்குத் திமிர் வந்தது. மூன்று காலால் கதவைத் தள்ளித் திறந்து வெளியே வந்தது. கட்டு உடைந்தால் காலே போய்விடும் என்பதால், கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து மெய்டு ரூம் கதவின் வெளிப்பக்கம் திருகினேன்.

அன்று மறுபடி வெளியே கிளம்பியபோதுதான் லிஃப்டில் மனைவியின் ஃபோன் வந்தது. அவள் டூட்டியில் இருந்தாள். லிஃப்டில் என்னோடு மேல் மாடிப் பெண் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, தோளில் துணிப்பை. எங்களுக்கு நேர் மேல் ஃபிளாட்டில் நாலைந்து பெண்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள், அவர்களில் ஒருவர். ஒருமுறை யாருடனோ அவர் சிங்களத்தில் பேசியதைக் கேட்டிருந்தேன். சிங்களத்தி, தமிழ் தெரியாது என்று முடிவு கட்டியிருந்தேன். அதனால் வழக்கம்போலத் தொண்டையைத் திறந்தேன்.

"ஆமா, பெட்டைய மெய்டு ரூம்ல போட்டுப் பூட்டிட்டுத்தான் வாறேன். வெளிய தாழ்ப்பாள் போட்டாச்சு, இனி எங்க ஓடும்? கத்தட்டும், கத்திக் கத்தி அடங்கும். காலு ஒடிஞ்சு கெடக்கையிலயே இந்தத் திமிரு. நேத்து வச்சத இன்னும் திங்கல, கொழுப்பு. ஹாரிஸுக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சா நாம தொலைஞ்சோம். காலு நேரானதும் யார் தலையிலயாவது கட்டிரணும்."

லிஃப்ட் கீழே வந்து நின்றது. அந்த அம்மாள் இறங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சைட்டில் ரிஜெக்ட் ஆன வெல்டர்கள் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஏதோ இடித்தது.

மறுநாள் சாயங்காலம் லிஃப்டுக்குப் பக்கத்தில் காத்திருந்ததுபோல நின்றார். "தம்பி தமிழோ?" என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது. அதுவும் யாழ்ப்பாணத் தமிழ். "ஆமா" என்றேன்.

"உங்கட வீட்டில எத்தினை பேர் இருக்கினம்?"

"மூணு பேரு."

"மூண்டு பேர் மட்டுமோ?"

"ஆமா. ஏன்?"

"வேலைக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்ல."

அவர் கண்கள் என் கையிலிருந்த பையில் இறங்கின. பால், பஞ்சு, காயத்துக்குச் சுற்றும் துணி. "பகலிலை அழுகிற சத்தம் கேக்குது, தம்பி. எனக்கு நல்லா விளங்குது."

"டிவியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியேறியே போய்விட்டேன். ஆறு மாடி. மூச்சு வாங்க மனைவியிடம் சொன்னேன், மேல் வீட்டுக்காரிக்கு மூக்கு வேர்த்துவிட்டது, ஹாரிஸ் ஆள் வைத்து விசாரிக்கிறான் என்று. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் அவள். "ஹாரிஸுக்கு ஆள் வைக்கிற வேலதான் இருக்காக்கும்."

ஆனால் செவ்வாய்க்கிழமை பொட்டலம் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், கதவுக் கைப்பிடியில் தொங்கியது என்று ஒரு பையைக் கொண்டுவந்தாள். உள்ளே இடியாப்பம், சொதி, பொரித்த மீன் ஒரு துண்டு. யார் வைத்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் புண்ணியவான் காரணமில்லாமல் மீன் பொரித்துக் கதவில் மாட்டிவிட்டுப் போவான்? கீழே செத்த இரண்டு பூனைகளும் இப்படித்தான் செத்திருக்கும்.

"அப்பா, இதுல ஸ்பூன் இருக்கு" என்றாள் மகள். "பெட்டைக்கு யாரு ஸ்பூன் வைப்பா?"

"வெசம் வைக்கிறவனுக்கு ஸ்பூன் வைக்கத் தெரியாதா?" என்று சொல்லிக் குப்பையில் போட்டேன். இது மடத்தனமான பதில் என்று எனக்கே தெரிந்தது. பத்து வயதுக்கு எழுந்த நியாயமான கேள்வியை நாற்பது வயது அதட்டி உட்கார வைத்தது.

புதன்கிழமை பிட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் வந்தன. குப்பை. வியாழக்கிழமை சோறு, பருப்பு, மீன் குழம்பு. அதோடு, வெள்ளித்தாளில் மடித்த இரண்டு மாத்திரைகள். திருப்பிப் பார்த்தேன். பனடால்.

மகள் அதைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது. ஒன்றும் பேசாமல் மெய்டு ரூமுக்குள் போய்ப் பூனையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்த மௌனம் அதுதான். பூனை சாகாமலே அது வந்துவிட்டது.

"இப்பவாவது நம்புகியா?" என்று மனைவியிடம் மாத்திரையை நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பெயரை இரண்டு முறை படித்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. உண்மையைச் சொன்னால், ஆத்திரத்துக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்டது அல்லவா?

வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையிலிருந்தே கதவுக் கண்ணாடித் துளையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி காப்பியைக் கொண்டுவந்து அங்கேயே கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள். மதியத் தொழுகைக்குக் கட்டடம் காலியான நேரம், படியிறங்கி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. மேல் வீட்டு அம்மாள். கையில் பை. கைப்பிடியில் மாட்டுவதற்குக் குனிந்தார். கதவைப் படாரென்று திறந்தேன்.

"உங்க வேலதானா இது? நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?"

பயந்து ஒரு அடி பின்னால் போனார். ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அதே அடியை முன்னால் வைத்தார்.

"தம்பி, நான் அந்தப் பெட்டையை ஒருக்காப் பாக்க வேணும்."

"எதுக்குப் பாக்கணும்? போய்ச் சொல்லிக் குடுக்கதுக்கா?"

"பாக்காமல் நான் இதில இருந்து அசைய மாட்டன். நீங்கள் பொலிசைக் கூப்பிட்டாலும் சரி."

"எங்க வீட்டுப் பெட்டை, நாங்க அடைச்சு வப்போம், தொறந்து விடுவோம். உங்களுக்கு என்ன வந்துது?"

"அவளையும் ஒரு தாய்தானே பெத்தவள்!" கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கால் முறிஞ்ச பிள்ளையைப் பூட்டி வைச்சிருக்கிறியளே, உங்களுக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெல்லே? அவளின்ரை பாஸ்போர்ட் ஆரிட்டை இருக்கு? அதையாவது சொல்லுங்கோ."

பாஸ்போர்ட் என்ற சொல்லில்தான் நான் நின்றேன். பூனைக்கு ஏது பாஸ்போர்ட்? சண்டைச் சத்தம் கேட்டு மகள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் பூனை, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு.

"ஆன்ட்டி, ப்ளீஸ்" என்றாள். "பெட்டைக்கு விஷம் வைக்காதீங்க. ஷீ டிட் நத்திங்."

அந்த அம்மாள் பூனையைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். மறுபடியும் பூனையைப் பார்த்தார்.

"இதுவோ?" என்றார். "இதுவோ பெட்டை?"

"ஆமா."

வாசலிலிருந்த செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் போய், கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மனைவி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். "எங்கட ஊரில பெட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளை, அம்மா" என்றார் அவர். "குமர்ப்பிள்ளை. பெட்டையள், பொடியள் எண்டு சொல்லுவம். நான் நினைச்சன்..."

சொல்லி முடிக்கவில்லை. எனக்காக அவர் முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. லிஃப்டில் நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவருடைய காது வழியாக எனக்குத் திரும்பிக் கேட்டது. மெய்டு ரூமில் போட்டுப் பூட்டிவிட்டேன். கத்திக் கத்தி அடங்கும். கால் ஒடிந்து கிடக்கையிலேயே இந்தத் திமிர். உடம்பெல்லாம் கூசியது.

அந்த அறையைப் பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே நுழையவில்லை. கதவுக்கு வெளியே நான் திருகிய தாழ்ப்பாளை ஒரு விரலால் தொட்டார்.

"இதுக்கு நேர் மேலதான் நான் படுக்கிறது" என்றார். "அதுவும் மெய்டு ரூம்தான். இப்ப நான் தையல் கடையில வேலை. முந்தி, முதல் முதல் வந்த காலத்தில, ஒரு வீட்டில வேலைக்கு நிண்டனான். அங்கை இப்பிடித்தான் வெளியால கொளுக்கி போட்டிருந்தவை. ரெண்டு மாசம். பக்கத்து வீட்டில தமிழ்ச் சனம் இருந்தது, கதைக்கிறது எனக்குக் கேக்கும். நான் அழுதது அவைக்கும் கேட்டிருக்கும்." தாழ்ப்பாளிலிருந்து விரலை எடுத்தார். "ஒருத்தரும் வந்து கதவைத் தட்டேல்லை, தம்பி."

மகள் கையில் பூனை முனகியது.

"அதுதான் சாப்பாட்டைக் கொழுவி விட்டனான். சின்னப்பிள்ளை எடுத்துக் குடுக்கும் எண்டு நினைச்சன். கால் நோவுக்குப் பனடோலும் வைச்சனான். அவள் சாப்பிட்டாளோ எண்டுதான் மூண்டு நாளும் யோசனை."

நான் ஏதாவது ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் முந்திக்கொண்டாள். "ஆன்ட்டி, அப்பா எல்லாத்தையும் குப்பைல போட்டுட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பரவாயில்லை" என்றார். "பசியோட ஒரு பிள்ளை உள்ளுக்கை இல்லைத்தானே. அது காணும், எனக்குப் போதும்."

ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து அவர் முன்னாலேயே தாழ்ப்பாளைக் கழற்றினேன். பூனை வெளியே வராமல் இருக்க, மகள் சைக்கிளைக் கதவோரம் நிறுத்திவைத்தாள். போகும்போது அவர் அன்றைய பையை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். "இதையாவது சாப்பிடுங்கோ."

ஆறு வருடங்கள் அந்தக் கட்டடத்தில் இருந்தேன். மாடிக்கு மாடி இப்படி ஒரு அறை இருந்தது. எந்த அறைக்குள் யார் படுக்கிறார்கள் என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பால் குறைந்ததற்குச் சந்தேகம் வந்தது, தட்டுக் கழுவியதற்குச் சந்தேகம் வந்தது, ஒரு வாய் இடியாப்பத்துக்குச் சந்தேகம் வந்தது. வெட்கக்கேடு. அந்த அம்மாள் ஒரே ஒரு முறை சந்தேகப்பட்டார். அதுவும் தப்பான சந்தேகம். ஆனால் வேலை போனாலும் விசா போனாலும் பரவாயில்லை என்று படியிறங்கி வந்துவிட்டார்.

பையைத் திறந்தோம். பிட்டு, சம்பல், வழக்கம்போல ஒரு ஸ்பூன். அடியில் நான்காக மடித்த ஒரு தாள். மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. மெய்டு ரூம் தரையில் பூனையோடு உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தாள்.

"பிள்ளை, பயப்படாதை. நான் மேல் மாடியில் இருக்கிறன். மூலையில் இருக்கிற தண்ணிக் குழாயில் மூண்டு தரம் தட்டு. எனக்குக் கேக்கும். நான் வருவன்."

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அந்த ஸ்பூனை எடுத்தாள், எழுந்து மூலைக்குப் போனாள், குழாயில் மூன்று முறை தட்டினாள்.

ஆயிரம் குழாய்களைச் சோதித்தவன் நான். அந்தக் குழாயில் காது வைத்ததில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேலேயிருந்து மெதுவாக, மூன்று தட்டுகள் இறங்கி வந்தன.